வானொலியில் அழைத்தால் சாமி வருமா?

நாட்டுப்புறப் பாட்டை மைக்குக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கிற எவரும் என்றாவது ஒருநாள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சாமியை அழைப்பதற்கென்றே உள்ள பாட்டை, கரகமும் வேப்பிலையும் இல்லாத குளிரூட்டிய அறையில் பாடவைத்துக் காற்றில் ஏற்றுகிறோமே, அப்போது அங்கே நடப்பது என்ன? வழிபாடா, வெறும் ஓசையா? அதை வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்குச் சாமி வருமா? வந்தால் யார் பொறுப்பு?

நான் புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள். வானொலியில் நாட்டுப்புற இசை நிகழ்ச்சி தொகுத்து வழங்குகிறேன். கும்மி, தெம்மாங்கு, நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, பம்பை, உடுக்கை என்று பழையதும் வரும்; இன்றைய பிள்ளைகள் பறையோடு கிட்டாரைச் சேர்த்துப் பாடுகிற புதியதும் வரும். இரண்டின் மேலும் எனக்குத் தீராத ஆசை. அந்த ஆசைதான் இந்தக் கேள்விக்குள் என்னை இழுத்துவிட்டது.

கேள்வியைக் கேட்டவர் ஒரு பம்பைக்காரப் பெரியவர். ஆடி மாதச் சிறப்பு நிகழ்ச்சிக்காக அவரையும் அவர் குழுவையும் பதிவு செய்துகொண்டிருந்தோம். காப்புக் கட்டும் பாட்டு, கரகம் ஜோடிக்கும் பாட்டு எல்லாம் தயங்காமல் பாடினார். அழைப்புப் பாட்டு வந்தபோது பம்பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார். "அது வேணாம்மா" என்றார். ஏன் என்று கேட்டேன்.

"சாமிய வரவழைக்கறது பெரிசில்லம்மா. மலையேத்தறதுதான் பெரிசு. ஊர்ல நாங்க அழைச்சா, அது வந்து நின்னு, வாக்கு சொல்லி, கற்பூரம் வாங்கிக்கினு மலையேற்ற வரைக்கும் கூடவே நிப்போம். நீ ரேடியோவுல அழைச்சுட்டு அடுத்ததா செய்தி போட்ருவ. வந்த சாமி எங்க போவும்?"

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் சொன்னதற்குள் ஒரு முழு இறையியல் இருக்கிறது. நம் ஊர்களில் தெய்வம் வரும், போகும். வந்தவரை வரவேற்பது போலவே, போகிறவரை முறையாக அனுப்பி வைப்பதும் வழிபாட்டில் பாதி. பெரிய கோயில்களில் ஆகம முறைப்படி கும்பத்தில் தெய்வத்தை எழுந்தருளச் செய்கிறவர்களும் பூசை முடிந்ததும் அதை முறைப்படி விடுவிக்கிறார்கள். சதுர்த்திக்குச் செய்த களிமண் பிள்ளையாரைக் கடலில் கரைக்கிறோம். சாகை என்னும் கூழ் வார்த்து முடித்த அம்மனுக்கு விடையாற்றி நடக்கிறது. அழைப்பவர் அனுப்பும் வரை நிற்க வேண்டும் என்பது ஊர் வைத்திருக்கும் சட்டம். அந்தச் சட்டத்தில் வானொலிக்கு இடம் எங்கே என்பதுதான் பெரியவரின் கேள்வி.

அரியாங்குப்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி அன்னியமானதல்ல. ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கடலூர் சாலையில் வந்தால் எங்கள் ஊர். கிழக்கே போனால் வீராம்பட்டினம், செங்கழுநீர் அம்மன், கடல். மீனவர் வலையில் மரக்கட்டையாக அகப்பட்டு வந்தவள் அந்த அம்மன் என்பது ஊர் வழக்கு. ஆடி வெள்ளியில் அவள் தேரை இழுக்கப் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்தார். இன்றும் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வந்து வடம் பிடிக்கிறார்கள். ஆட்சிகள் மாறின, வடம் பிடிக்கும் முறை மாறவில்லை. அந்தத் தேருக்கு முன்னால் போகிற பம்பையும் மேளமும்தான் எனக்கு முதல் இசைப் பள்ளி. அப்பா ரோடியர் மில் ஷிப்டு முடிந்து வந்ததும் டிரான்சிஸ்டரைத் திருப்புவார். ஆயா அதோடு சேர்ந்து முணுமுணுப்பாள். கோயில் தெருவில் கேட்டது வேறு, பெட்டிக்குள்ளிருந்து கேட்டது வேறு என்று அப்போது எனக்குத் தோன்றியதே இல்லை.

பம்பைக்காரர் கேட்ட பிறகுதான் பழைய கூத்துகளையெல்லாம் மறுபடி நினைத்துப் பார்த்தேன். புதுச்சேரி, விழுப்புரம், கடலூர் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது துகிலுரிதல் இரவு ஒன்று வரும். துச்சாதன வேடம் கட்டியவர் சேலையைத் தொடுவதற்கு முன் கூத்தை நிறுத்துவார். கற்பூரம் ஏற்றி, 'நான் கலைஞன், என் கையால் இது நடக்க வேண்டியிருக்கிறது, மன்னித்துவிடு தாயே' என்று வேண்டிக்கொள்வார். அதற்குப் பிறகே கூத்து தொடரும். நடிப்பு எங்கே முடிகிறது, நிஜம் எங்கே தொடங்குகிறது என்று அறுதியிட முடியாத இடம் அது. அந்த இடத்தைத் தாண்ட அவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஒலிப்பதிவு அறையில் அப்படி ஒரு வழி இல்லை.

பாட்டுக்குள் சாமி எந்த இடத்தில் வருகிறது என்று கவனித்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துக் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு நடக்கும். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1970களின் இறுதியில் அங்கே தங்கி ஆராய்ந்து 1988இல் ஒரு நூல் எழுதினார். கதையில் வீரன் வெட்டுண்டு சாகும் கட்டத்தை நெருங்க நெருங்கச் சாமியாடி மேல் அருள் இறங்குகிறது என்பது அதில் அவர் விரிவாகக் காட்டும் செய்தி. கோயில் கொடைக்குப் போனவர்களுக்கு இது கண்ணால் கண்ட உண்மை. பிறப்பைப் பாடும்போதோ அழகை வருணிக்கும்போதோ வராத ஆவேசம் கொலையைப் பாடும்போது வருகிறது.

யார் இந்தச் சாமிகள்? முத்துப்பட்டன் பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் வீட்டுப் பெண்களான பொம்மக்கா, திம்மக்காவை மணந்து, அவர்கள் வீட்டு மாடுகளைக் காக்கப்போய்க் கொலையுண்டவன். பாபநாசம் மலையில் சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிறான். காத்தவராயன் ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுவேறியவன். மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். நல்லதங்காள் பசியாலும் அவமானத்தாலும் ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்தவள். பேராசிரியர் நா. வானமாமலை இப்படிப்பட்ட கதைப்பாடல்களைத் தேடி எடுத்துப் பதிப்பித்தபோது, இவை ஒடுக்கப்பட்டவர்களின் வரலாறு என்று நமக்குக் காட்டினார். அவர் மார்க்சியர். தெய்வ நம்பிக்கையுள்ள எனக்கும் அந்தப் பார்வை ஒரு கதவைத் திறந்தது. நம் தெய்வங்களில் பெரும்பகுதி அநியாயமாகக் கொல்லப்பட்ட மனிதர்கள். அவர்களுக்கு நேர்ந்ததை ஒருவர் ஊர் நடுவே வாய்விட்டுச் சொல்லும்போது அவர்கள் வருகிறார்கள். தன் வழக்கு எடுத்துரைக்கப்படும் நேரத்தில் தானும் அங்கே நிற்க வேண்டும் என்பது போல வருகிறார்கள்.

சிலப்பதிகாரத்தை இந்தக் கண்ணோடு படித்தால் மெய் சிலிர்க்கும். கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல்லைக் கொண்டுவந்து கோயில் எடுத்தது நமக்கெல்லாம் தெரியும். ஆனால் அதற்கு முன்னால் நடந்தது குன்றக் குரவை. வேங்கை மரத்தடியில் மார்பிழந்து நின்ற பெண்ணை முதலில் கண்டவர்கள் மலைக்குறவர்கள். அவள் விண்ணேறியதைப் பார்த்ததும் இவளே நம் குலதெய்வம் என்று குரவையாடினார்கள். அரசனுக்குச் செய்தி அதன் பிறகே போகிறது, கல் அதற்கும் பிறகே வருகிறது. அநீதிக்கு ஆளான ஒரு பெண்ணைத் தெய்வமாக முதலில் கண்டுகொண்டது மலையில் வாழ்ந்த எளிய மனிதர்களின் பாட்டும் கூத்தும்.

அந்தக் கண்ணகி இலங்கையின் மட்டக்களப்பில் இன்றும் வாழ்கிறாள். வைகாசி மாதச் சடங்கில் அங்குள்ள கண்ணகி அம்மன் கோயில்களில் கண்ணகி வழக்குரையைப் பாடுகிறார்கள். பாண்டியன் அவையில் அவள் நீதி கேட்ட கதை ஆண்டுதோறும் அவள் முன்னிலையிலேயே படிக்கப்படுகிறது. கடைசியில் வருவது குளிர்த்திப் பாட்டு. எரிந்து நிற்கிறவளைக் குளிரச் செய்து, ஊருக்கு மழையும் நலமும் தரும்படி வேண்டி முடிக்கிறார்கள். அழைப்பது, வழக்கை உரைப்பது, குளிர்விப்பது என்று மூன்று படிகள். எங்கள் பம்பைக்காரர் மலையேற்றம் என்று சொன்னதும், கடலுக்கு அப்பால் அவர்கள் குளிர்த்தி என்று சொல்வதும் ஒரே கடமை. நியாயம் கேட்கத் தெய்வத்தை அழைத்தவர்கள், அதன் கோபத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது.

இது இந்துக் கோயில்களோடு நிற்கிற செய்தியல்ல. பெரிய வெள்ளியன்று எங்கள் ஊர் மாதா கோயில் பக்கம் போகிறவர்கள், மகனைப் பறிகொடுத்த தாயின் துயரத்தை ஒப்பாரியின் இழுப்போடு பாடக் கேட்கலாம். வீரமாமுனிவர் கித்தேரியம்மாள் என்ற மறைசாட்சியின் கதையைப் பாட எடுத்துக்கொண்டது தமிழ்ப் பெண்களின் அம்மானை வடிவத்தை. கர்பலாவில் கொல்லப்பட்ட ஹுசைனை நினைத்து முகரத்தில் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். உளுந்தூர்பேட்டை அருகே கூவாகத்தில் சித்திரை மாதம் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கிற திருநங்கைகள், மறுநாள் அவன் களப்பலியானதும் தாலியறுத்து ஒப்பாரி வைக்கிறார்கள். ஒரு தெய்வத்துக்காக அழுகிறார்கள். அந்த அழுகையில் அவர்கள் தங்களுக்கு நேர்ந்ததையும் சேர்த்தே அழுகிறார்கள் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும்.

என் ஆயாவும் அப்படித்தான். தெருவில் யார் செத்தாலும் போய்த் தோள் கட்டி உட்கார்ந்து ஒப்பாரி வைப்பாள். செத்தவருக்கு நாலு வரி பாடுவாள். அடுத்த நாலு வரியில் சீர் செய்யாத அண்ணன் வருவான், சொத்தைப் பிடுங்கிக்கொண்ட கொழுந்தன் வருவான். சாதாரண நாளில் வாயே திறக்க முடியாத குற்றச்சாட்டுகள் அவை. பிணத்தின் முன்னால் அமர்ந்து பாட்டாகச் சொன்னால் யாரும் அவளை அடக்க முடியாது. ஒப்பாரியை வெறும் துக்கப் பாட்டு என்று நினைப்பவர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்காதவர்கள்.

இங்கே ஒரு கொடுமையையும் சொல்ல வேண்டும். சாமியை அழைக்கும் பறையை அடிப்பவர், அந்தச் சாமி குடியிருக்கும் இடத்துக்குள் போகக் கூடாது என்று எத்தனையோ ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தோம். அழைக்க அவர் கை வேண்டும், உள்ளே அவர் கால் வேண்டாம். தெய்வம் இதை ஏற்றுக்கொண்டதா? நம் நூல்களே பதில் சொல்கின்றன. பெரிய புராணத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஆலவாய்க் கோயில் வாசலில் நின்று பாடுகிறார். இறைவன் அடியார்களின் கனவில் தோன்றி அவரை உள்ளே அழைத்துவரச் சொல்கிறான். தரையின் ஈரத்தால் யாழ் கெட்டுவிடாதிருக்கப் பொற்பலகையும் இடச் செய்கிறான். திருவாரூரில் அவருக்காக வடக்கே வேறு வாயிலே திறக்கிறது. திருவரங்கத்தில் திருப்பாணாழ்வாரை லோகசாரங்க முனிவர் தன் தோளில் சுமந்து உள்ளே போகிறார். இந்தக் கதைகளைப் பூசித்துக்கொண்டே வாசலையும் அடைத்து வைத்திருந்த நாம்தான் பதில் சொல்ல வேண்டியவர்கள். மாணிக்கவாசகர் திருவாசகத்தில் அம்மானை, பொன்னூசல், சாழல், உந்தி, பொற்சுண்ணம் என்று பெண்கள் ஆடியும் இடித்தும் பாடிய வடிவங்களையே எடுத்து இறைவனுக்குச் சூட்டினார். கருவறை வரை போன பாட்டு உரலடியிலும் ஊஞ்சலடியிலும் பிறந்த பாட்டு.

வானொலியின் மேல் எனக்கு இருக்கும் அன்புக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. காற்றுக்கு வாசற்படி இல்லை. ஊர்த்தெருவில் நிற்க விடாதவரின் குரல் அந்தத் தெருவின் நடுவீட்டுக்குள் போய் உட்கார முடிந்தது வானொலியால். கொல்லங்குடி கருப்பாயி 1985இல் 'ஆண்பாவம்' படத்தில் வருவதற்கு முன்பே அந்தக் கிராமத்துக் குரலை மக்கள் வானொலியில் கேட்டிருந்தார்கள். ஆனால் வானொலியும் தன் பங்குக்குக் கதவு போட்டதுண்டு. அகில இந்திய வானொலியில் 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்துக்குத் தடை இருந்தது. நம் இசையின் கமகங்கள் அதில் வராது என்பது காரணம். தெருக்கூத்துக்கும் நாடகத்துக்கும் உயிராக இருந்த கருவி அது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் இந்தப் புதுச்சேரியில்தான் காலமானார். அவர் வளர்த்த நாடக மேடையில் ஆர்மோனியம் இல்லாத இரவு உண்டா? சுத்தம் என்ற பெயரில் எதை உள்ளே விடுகிறோம், எதை வெளியே நிறுத்துகிறோம் என்ற கேள்வி கோயிலுக்கு மட்டும் உரியதல்ல.

அநியாயம் எடுத்துரைக்கப்படும் இடத்தில் சாமி வருகிறது என்ற என் நிலைப்பாட்டுக்கு இரண்டு பக்கமிருந்தும் மறுப்பு வரும். இரண்டும் மதிக்க வேண்டிய மறுப்பு. முதலாவது வடலூரிலிருந்து வருகிறது. 1867இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி எந்நேரமும் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்ட வள்ளலார், உயிர்ப்பலி கொடுக்கும் சிறுதெய்வக் கோயில்களைக் கண்டு உள்ளம் நடுங்கியதாகத் திருவருட்பாவில் விண்ணப்பிக்கிறார். அருட்பெருஞ்ஜோதியைக் கண்டவருக்கு ஆவேசமும் பலியும் எதற்கு? பலியைப் பொறுத்தவரை நான் வள்ளலார் பக்கம். ஆனால் வாடிய பயிருக்கும் வாடிய அந்த உள்ளத்தை எடுத்துக்கொண்டு இந்தப் பாட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கே தெய்வமாக நிற்பவனே பலியானவன்தான். கொலையைப் பொறுக்காதவர்கள் கொலையுண்டவர்களின் பாட்டைக் கேட்காமல் இருக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு என் ஊரின் பகுத்தறிவு மரபிலிருந்து வருகிறது. புதுச்சேரி பாரதிதாசன் பிறந்த ஊர். சாமி வருவதெல்லாம் மனம் அழுத்தம் தாங்காமல் உடைந்து வெளிப்படுவது என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அப்படியே இருக்கட்டும். வருவது சாமியா மனமா என்ற வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. வருகிற நேரத்தைப் பாருங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்வேன். உண்மை சொல்லப்படும் நேரத்தில் வருகிறது. ஒரு சமூகம் தான் செய்த கொலையை மறக்காமல் ஆண்டுக்கொரு முறை ஊர் கூட்டி ஒத்துக்கொள்கிறது என்றால், அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் அது புனிதமான காரியம்.

இந்த இடத்தில் நின்று பார்த்தால் பழைய பாட்டு, புதிய பாட்டு என்ற பிரிவு எனக்கு மறைந்துவிடுகிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறைப் பேராசிரியராக இருந்த கே.ஏ. குணசேகரன், கவிஞர் இன்குலாப்பின் 'மனுசங்கடா' பாட்டை ஊர் ஊராகப் பாடினார். 2016இல் அவர் மறைந்த பிறகும் அந்தக் குரல் ஓயவில்லை. அவர் பாடும்போது கூட்டத்தில் ஏறிய சூட்டுக்கும் கொடையில் வீரன் சாகும் கட்டத்தில் ஏறும் சூட்டுக்கும் என்ன வேறுபாடு? இரண்டிலும் அநியாயம் எடுத்துரைக்கப்படுகிறது, கேட்டவர்கள் உடம்பு சும்மா இருக்க மறுக்கிறது. 2018இல் சென்னையில் மேடையேறிய 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவையும் பறையையும் ராப்பையும் ஒன்றாக்கிப் பாடியது. 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாடி வந்த 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்டும் காணி நிலமில்லாமல் திரும்பியவர்களின் வலி இருக்கிறது. பாட்டி வள்ளியம்மாளின் நினைவும் ஒப்பாரியின் அழுகையும் அதற்குள் இருக்கின்றன. கல்யாண வீட்டில் அதைப் போட்டு ஆடுகிறார்கள் என்று வருத்தப்படுகிற பெரியவர்கள் உண்டு. ஒப்பாரி வைத்த வீட்டிலேயே பதினாறாம் நாள் விருந்து வைக்கிறவர்கள் நாம். ஆட்டமும் அழுகையும் சேர்ந்தே இருப்பது நமக்குப் புதிதல்ல.

என் நிகழ்ச்சியில் பம்பைப் பாட்டுக்கு அடுத்து ஒரு ராப் பாட்டு வந்தால், பக்திப் பாட்டை அவமதித்துவிட்டேன் என்று வருத்தப்படும் நேயர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் அன்போடு சொல்வது இது. கொல்லப்பட்டவனைத் தெய்வமாக்கிப் பாடுவது உங்களுக்குப் பக்தி என்றால், அவன் இன்னும் கொல்லப்படுகிறான் என்று பாடுவதும் பக்திதான். மதுரை வீரன் இன்றும் மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுர வாசலில்தான் நிற்கிறான்.

ஆக, ஒலிப்பதிவில் சாமி வருமா? என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். சடங்கை ஒலிபரப்ப முடியாது. கரகத்தைத் தூக்கியவரின் தோள்வலி, விரதமிருந்தவரின் பசி, சுற்றி நிற்கும் ஊரின் மூச்சு ஆகியவற்றைக் காந்தநாடாவோ கணினியோ சுமக்காது. அந்த மட்டில் பம்பைக்காரர் சொன்னது முழுக்கச் சரி. அதனால்தான் அவர் பாட மறுத்த அழைப்புப் பாட்டை நாங்கள் பதிவு செய்யவில்லை. ஆவணப்படுத்த வேண்டும், அழிந்துவிடும் என்று அவரை வற்புறுத்தியிருக்கலாம். அழியாமல் இருப்பதைவிட அவமதிக்கப்படாமல் இருப்பது மேல் என்று அந்தப் பாட்டுக்கு உரியவர் முடிவு செய்தால், அந்த முடிவுக்கு நான் கட்டுப்பட்டவள்.

ஆனால் சாட்சியம் போகும். யார் கொல்லப்பட்டார், யார் கைவிடப்பட்டார், யார் அழுதார் என்பதைக் காற்று எவ்வளவு தூரத்துக்கும் கொண்டுபோகும். தெய்வத்தின் வருகைக்கு உயிர்நாடி அந்தச் சாட்சியம் என்றால், எங்கோ ஒரு வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கும் பெண் நல்லதங்காள் பாட்டைக் கேட்டுக் கரண்டியை வைத்துவிட்டு அழும்போது அங்கே வந்திருப்பது யார்? அவளைக் கேட்டால் தெய்வம் என்பாள். நான் மறுக்க மாட்டேன். சொல்லப்பட்ட உண்மையும் அதைத் தாங்குகிற ஒரு நெஞ்சும் கூடும் இடத்தில் தெய்வம் இருக்கிறது என்று நம்புகிறேன். கோயிலிலும் அந்த இரண்டும் இல்லாவிட்டால் மேளச் சத்தம் மட்டுமே மிஞ்சும்.

இப்படி நம்புகிறவளுக்குச் சில கடமைகள் வந்து சேர்கின்றன. பாட்டை நடுவில் வெட்டக் கூடாது. இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும் என்ற காலத்தில் வெட்டினார்கள், வேறு வழி இல்லை. இன்று நமக்கு அந்தச் சாக்கு இல்லை. கொலையைப் பாடினால் குளிர்த்தி வரை பாட வேண்டும். ஆவேசத்தில் நிறுத்திவிட்டு விளம்பரத்துக்குப் போவது, பெரியவர் சொன்னது போல், வந்த சாமியை நடுத்தெருவில் விடுவது. அடுத்து, பாடியவர் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும். 'நாட்டுப்புறப் பாடல், பாடியவர்கள் குழுவினர்' என்று சொல்லிக் கடந்துபோவது எனக்கு ஒருபோதும் சம்மதமில்லை. பழைய தொகுப்புகள் பலவற்றில் பாட்டு இருக்கிறது, பாடிய பெண்ணின் பெயர் இல்லை. 'என்ஜாய் எஞ்சாமி' விஷயத்தில் யாருடைய பாட்டு, யாருக்குப் பெருமை என்று எழுந்த பெரிய விவாதத்தை நாம் பார்த்தோம். அநியாயத்தை எடுத்துச் சொல்லும் பாட்டுக்கே அநியாயம் செய்யக் கூடாது.

எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 1989இல் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 2021 மே மாதம் மறையும் வரை இங்கேயே வாழ்ந்தார். கதை சொல்பவரின் வாய்மொழி எப்படி வந்ததோ அப்படியே எழுத்தில் வைத்தார். பேச்சைத் திருத்தி நாகரிகப்படுத்தாமல் அதை நம்பியதுதான் அவர் நமக்குச் செய்து காட்டிய மரியாதை. பாட்டுக்கும் அதுவே பொருந்தும். சுருதி சேராத குரல், நடுவில் வரும் இருமல், மறந்துபோய் மறுபடி எடுக்கும் அடி எல்லாம் சாட்சியின் பகுதிகள். நான் அவற்றை அழிப்பதில்லை.

எங்கள் வீராம்பட்டினம் கரையில் வலையிழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டு இன்று அநேகமாக இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகும் எஞ்சினும் பெருகின. எஞ்சின் இழுக்கிற இடத்தில் பாட்டுக்கு வேலை இல்லை. உழைப்பு இலகுவானதற்கு நான் வருந்த மாட்டேன். அந்தப் பாட்டில் கடலம்மாவிடம் உயிர்ப்பிச்சை கேட்ட வேண்டுதலும் சேர்ந்து போய்விட்டதே என்றுதான் வருத்தம்.

ஆகவே படிக்கிற உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வீட்டில், தெருவில், ஊரில் பாடத் தெரிந்த ஒரு பெரியவர் இருப்பார். இந்த மாதமே அவரிடம் போய் உட்காருங்கள். கைபேசியை எடுப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். எதைப் பதிவு செய்யக் கூடாது என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை மதியுங்கள். பாட்டை முழுதாகப் பதியுங்கள். தொடக்கத்திலேயே அவர் பெயரையும் ஊரையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பாடி முடித்ததும் எழுந்து ஓடாமல், அவர் மனம் ஆறும் வரை பக்கத்தில் இருங்கள்.